பட்டை மிச்சமிருக்க வேண்டும்

ரப்பர் மரத்தின் பால் பட்டையில் இருக்கிறது. பட்டையிலும் உள்பக்கம், கட்டையை ஒட்டி ஓடும் குழாய்களில்தான் கூடுதலாக இருக்கிறது. அதனால் கத்தி ஆழப் போகப் போக அன்றைய வாளி நிறையும். ஆனால் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மாறிழையம் என்ற மெல்லிய படை ஒன்று உண்டு. வெட்டின இடத்தில் புதுப் பட்டையை வளர்ப்பது அதுதான். கத்தி அதைத் தொட்டால் அந்த இடம் முடிச்சுப் போட்டுப் புடைத்துவிடும். பத்துப் பதினோரு வருஷம் கழித்து அதே பக்கத்துக்கு வெட்ட வருகிறவனுக்கு அங்கே சீரான பட்டை இருக்காது. ஆகவே கட்டைக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே கத்தி நின்றாக வேண்டும். விடிந்தும் விடியாத நேரத்தில், வழுக்குகிற சரிவில், காலில் அட்டை ஏற ஏற, ஒரு நாளைக்கு 250, 300 மரங்களில் அப்படி நிற்க வேண்டும். எங்கள் தொழிலின் நேர்மை முழுவதும் அந்த ஒரு மில்லிமீட்டரில் இருக்கிறது.

இதை எனக்குக் கற்றுத் தந்தவரைத் தோட்டத்தில் எல்லோரும் பட்டாளத் தாத்தா என்றுதான் கூப்பிட்டோம். இரண்டாம் உலகப் போரில் பயனியர் படையில் இருந்துவிட்டு வந்தவர். அதற்கு முன்னும் பின்னும் ரப்பர் மலையில் வேலை செய்தவர். கடைசிக் காலத்தில் சொந்தமாக அரை ஏக்கர் பயிர் செய்தவர். நான் அவரிடம் கத்தி பிடிக்கப் பழகி, பால் வெட்டுகாரனாகி, பிறகு பால் வெட்டுக் கங்காணியாகி, இப்போது ஓய்ந்த காலத்தில் கிராமத்துச் சிறுதோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்கு வெட்டுப் பழக்குகிறேன். நான் பழக்குவதில் பெரும்பகுதி அவருடையது. அதனால் அவரைப் பற்றி எழுதிவைப்பது என் கடமை.

எங்கள் தெரணியகலை, இலங்கையின் கேகாலை மாவட்டத்தில் மலை தொடங்குகிற இடம். அவிசாவளையிலிருந்து தெஹியோவிட்டை வழியாக வந்தால் சீதாவக்கை கங்கை கூடவே வரும். மாலிபொடைக்கு மேலே போனால் சிவனொளிபாத மலைக் காடு. கீழ்ச் சரிவுகளில் ரப்பர், ஏற ஏறத் தேயிலை. மழை இங்கே கணக்குப் பார்க்காமல் பெய்யும். வைகாசி, ஆனியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பால் வெட்டுகாரருக்குப் பாதி நாள் வேலை இல்லை, பேர் விழாது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக் கோட்டில் ஓடாது, மரம் முழுக்கப் பரவிச் சிரட்டைக்கு வராமலே போய்விடும். மரத்துக்குப் பிளாஸ்டிக் மழைக்கவசம் கட்டும் பழக்கம் வந்தது பிற்காலத்தில்தான்.

தாத்தா நாலு மணிக்கு எழுந்துவிடுவார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் கத்தியைத் தீட்டி, இடது கைப் பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார். நகத்தில் வழுக்கினால் மறுபடி தீட்டுவார். மிச்சி கொலெஜ் கத்திதான் எங்கள் பகுதியில் எல்லோர் கையிலும். மழுங்கின கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தினால் கை அளவு தவறும் என்பது அவருடைய முதல் பாடம். விடிகாலையில் மரத்துக்குள் நீரழுத்தம் கூடியிருக்கும், பால் வேகமாக வரும். வெயில் ஏற ஏற ஓட்டம் தளர்ந்து, பால் உறைந்து குழாய் வாயை அடைத்துக்கொள்ளும். அதனால் முதல் மரத்துக்கும் கடைசி மரத்துக்கும் நடுவே நேரத்தைப் பங்கிடத் தெரிந்தவன்தான் நல்ல வெட்டுகாரன்.

மரத்தின் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் வெட்டு, சுற்றளவில் பாதி, 30 பாகைச் சரிவு. பால் குழாய்கள் பட்டைக்குள் சற்றே சாய்ந்து வலப்பக்கமாக ஏறுகின்றன. இடமிருந்து வலமாக இறங்கும் கத்தி அவற்றில் அதிகமானவற்றை அறுக்கும். இந்தக் காரணத்தைப் பின்னாளில் ஒரு பயிற்சி வகுப்பில்தான் கேட்டேன். தாத்தா காரணம் சொல்லவில்லை. என் கையின் மேல் தன் கையை வைத்துக் கோட்டின் மேலே இழுத்துக் காட்டினார்.

"எலும்பத் தொடாத," என்பார். கட்டையைத்தான் எலும்பு என்று சொல்வார். "நம்ம வாளிய நிறைக்கத் தெரிஞ்சா போதாது தம்பி. பின்னால வாறவன் வாளியும் நிறையணும்."

கணக்கும் அவரே சொல்லித் தந்தார். ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டை போகக் கூடாது. தோடம்பழத் தோலைச் சீவுவது மாதிரி மெல்லிய சுருளாக விழ வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால், மழை நாளும் இலையுதிர் காலமும் போக, வருஷத்துக்குச் சுமார் 150 வெட்டு. அப்படியென்றால் வருஷத்துக்கு 22, 23 சென்டிமீட்டர் பட்டை இறங்கும். 120 சென்டிமீட்டர் உயரத்தில் திறந்த பக்கம் ஐந்து வருஷத்துக்கு மேல் வரும். அடுத்த பக்கமும் அப்படியே. இரண்டு பக்கமும் முடிவதற்குள் முதல் பக்கத்தில் புதுப் பட்டை தடித்திருக்கும். ஒழுங்காக வெட்டினால் மரம் இருபத்தைந்து வருஷம் சோறு போடும். ஒரு வெட்டுக்கு மூன்று மில்லிமீட்டர் சீவுகிறவன் இந்தக் காலத்தைப் பாதியாக்கிவிடுகிறான், அதனால் அவனுக்குப் பாலும் கூடுவதில்லை. இந்தக் கணக்கை எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் தாத்தா ஈர்க்குக் குச்சியை ஒடித்து மரத்தில் வைத்துக் காட்டிப் புரியவைப்பார். எங்கள் மலையில் மிகச் சுத்தமாக வெட்டினவர்கள் அவரிடம் பழகின பெண்கள்தான். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி.

பட்டையைப் பற்றி இவ்வளவு கண்டிப்பு அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை மெதுமெதுவாகத்தான் தெரிந்துகொண்டேன். அது போரிலிருந்து வந்தது.

அவர் துப்பாக்கி தூக்கிய சிப்பாய் அல்ல. பயனியர் படை என்பது மண்வெட்டிப் படை. பாதை போடுவது, கிடங்கு வெட்டுவது, மூட்டை இறக்குவது, குண்டு விழுந்த இடத்தைத் துப்புரவாக்குவது அவர்கள் வேலை. லயத்து இளந்தாரியாக இருந்தவர், மாதச் சம்பளமும் மூன்று வேளைச் சாப்பாடும் கிடைக்கும் என்று பேர் கொடுத்துத் திருகோணமலைக்குப் போனார். 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் ஜாவாவும் விழுந்தன. ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9ஆம் திகதி காலை, திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. துறைமுகத்தின் பெரிய எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று நாட்கணக்கில் எரிந்தது. அந்தத் தாங்கிகளில் இன்றும் 99 சீனக்குடாக் காட்டுக்குள் நிற்கின்றன.

தாத்தா அன்று தானே வெட்டின பதுங்கு கிடங்கில் கிடந்தார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். சத்தம் ஓய்ந்து மேலே ஏறிப் பார்த்தபோது பக்கத்துக் கிடங்கு மண் மூடியிருந்தது, அதைத் தோண்டும் வேலை தங்களுக்குத்தான் வந்தது என்று ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

அதே நேரத்தில் இங்கே, அவர் விட்டுப்போன மலையிலும் போர் நடந்துகொண்டிருந்தது. மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் கைக்குப் போனதோடு உலக ரப்பரில் பெரும்பங்கு நேச நாடுகளுக்கு இல்லாமல் போயிற்று. மிஞ்சிய முக்கியமான ரப்பர் நாடு இலங்கை. லொறிச் சக்கரம், விமானச் சக்கரம், மழைச்சட்டை, மருத்துவக் குழாய் எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டும். கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மலைகளில் மரங்களை ஓய்வில்லாமல் வெட்டினார்கள். பழைய மரங்கள் இருந்த காணிகளில் சாகும்வரைக்கும் வெட்டச் சொல்லி அரசாங்கமே உத்தரவு கொடுத்தது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டு. கை எட்டாத உயரத்தில் ஏணி வைத்து வெட்டு. பட்டை ஆறுவதற்கு அவகாசமே கிடையாது.

தாத்தா போர் முடிந்து திரும்பியபோது கண்டது அந்த மரங்களைத்தான். அவருடைய அப்பா கத்தி பிடித்துக் காப்பாற்றி வைத்திருந்த பட்டை, அடியிலிருந்து கிளை பிரியும் இடம்வரை முடிச்சும் புண்ணுமாக இருந்ததாம். சில மரங்களில் பால் வறண்டுபோயிருந்தது. "சண்டையில செத்தவன எண்ணி வெச்சிருப்பாக. இதுகள யாரும் எண்ணல," என்று அவர் சொன்னது எனக்கு மறக்காது. போருக்காக அப்படி வெட்டியது தப்பு என்று அவர் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது வேண்டியிருந்தது என்பதைத் திருகோணமலையில் இருந்த அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் அதே கையோடு மரத்திடம் போகிறவர்களை அவரால் பொறுக்க முடியவில்லை.

அவர் பயனியர் படையிலிருந்து கொண்டுவந்தது மண்வெட்டி வேலை. 1953இல் ரப்பர் மீள்நடுகைக்கு மானியத் திட்டம் வந்தது. செத்த மரங்களை வேரோடு எடுத்துவிட்டு, பிபி 86 போன்ற ஒட்டுக்கன்றுகளை வைத்தார்கள். நடுகைக்கு முன்னால் கான் என்கிற வடிகால் வெட்ட வேண்டும், கல் கட்ட வேண்டும். இங்கே சரிவு அப்படி. மேல்மண் ஒரு மழைக்கே கங்கைக்குப் போய்விடும். தாத்தா தலைமையில் ஒரு கூட்டம் சம உயரக் கோட்டில் கான் இழுத்தது. கானுக்குள் சில அடிகளுக்கு ஒரு தடுப்பு வைத்து, மண் படிய விட்டு, படிந்த மண்ணை அள்ளி மீண்டும் மேட்டில் போட்டார்கள். சாந்தே இல்லாமல் கல்லைக் கல்லால் கவ்வவைத்துப் படிக்கட்டு வரிசை எழுப்பினார்கள். புரேரியாக் கொடி விட்டு மண்ணை மூடினார்கள். அவர் கட்டின கல் வரிசைகள் சில இன்னும் அசையாமல் இருக்கின்றன. சரிவு இடிந்து வீடுகளை மூடும் செய்தி கேகாலை மாவட்டத்திலிருந்து வரும்போதெல்லாம் அந்தக் கான்களைத்தான் நினைக்கிறேன். கான் தூர்ந்தால் மலை தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

கன்று வைத்தால் ஆறு வருஷம் பால் இல்லை. மரம் முப்பது வருஷம் நிற்கும். அப்படி நெடுங்காலத்துக்கு நடுகை வைத்த அந்த மனிதருக்கு, அந்த வருஷங்களில் ஒரு நாடு கிடையாது.

1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களான எங்கள் மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கியது. 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்டினால் பதிவு செய்யலாம் என்றது. எட்டு லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள், கிடைத்தது சிறு பங்கினருக்கு. தாத்தாவும் விண்ணப்பித்தார். படையிலிருந்து விடுவித்த காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்தார். விண்ணப்பம் தள்ளுபடியானது. அதற்கும் அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அந்தப் படைக் காகிதத்தை மட்டும் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தார்.

இதே காலத்தில்தான், 1952 டிசம்பரில், இலங்கை சீனாவோடு ரப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. வருஷத்துக்கு 50,000 தொன் ரப்பர் கொடுத்து 2,70,000 தொன் அரிசி வாங்கும் ஒப்பந்தம். தீவு முழுவதும் சோறு உண்டது எங்கள் சிரட்டையில் விழுந்த பாலால். அந்தப் பாலை வெட்டினவருக்கு வாக்கு இல்லை, காணி வாங்க வழியில்லை, பிள்ளைக்கு அரசாங்க வேலை இல்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதியிருக்கும் பாடப்புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எங்கள் பிள்ளைகள் அதைப் படித்தாக வேண்டும்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று. தாத்தாவின் தம்பி குடும்பம் தலைமன்னாரில் கப்பலேறியது. அவர்களைப் போலப் போனவர்கள் கன்னியாகுமரி அரசு ரப்பர்த் தோட்டங்களிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்க ரப்பர்த் தோட்டங்களிலும் இன்னும் பரம்பரையாகப் பால் வெட்டுகிறார்கள். தெரணியகலையில் பழகின கை அந்த மண்ணிலும் மரத்தைக் காப்பாற்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

தாத்தா போகவில்லை. ஏன் என்று கேட்டால், வைத்த கன்று வெட்டுக்கு வரவில்லையே என்பார். அது பாதிக் காரணம். மனைவியைப் புதைத்த இடம் இங்கே என்பது மறு பாதி.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1973, 74இல் மா, அரிசி இரண்டுக்கும் பஞ்சம் வந்து தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. எங்கள் லயத்தில் அடுப்பு அணையாமல் இருந்ததற்குத் தாத்தா ஒரு காரணம். லயக் கோடியிலும் கான் ஓரங்களிலும் எப்போதும் எதையாவது நட்டுவைத்திருப்பார். மரவள்ளி, வற்றாளை, கரணைக்கிழங்கு. ஈரப்பலா மரம் அவர் வைத்தது. 1942இல் பர்மா அரிசி நின்று, நாடே கோதுமை மாவுக்கும் கிழங்குக்கும் மாறினதைப் பார்த்தவர். அரிசி கப்பலில் வருகிற நாட்டில் கிழங்கு கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். பிடுங்கின கிழங்கை லயத்துக் காம்பரா ஒவ்வொன்றுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் பங்கை எடுப்பார்.

1988இன் சட்டத்தால் அவருக்குக் கடைசியில் குடியுரிமை வந்தது. அப்போது அவர் தோட்ட வேலையிலிருந்து ஓய்ந்துவிட்டார். சில வருஷம் போய், கொழும்பில் கடை வேலை செய்த மகன் கிராமத்தில் அரை ஏக்கர் காணி வாங்கினான். பக்கத்துச் சிங்களக் குடும்பத்துக்கு அவர் ஏற்கெனவே கல் கட்டிக் கொடுத்திருந்தார். காணி விற்பனைக்கு வந்ததைச் சொன்னதும் அந்தக் குடும்பம்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் மலையில் நடுகை வைத்தவர், எழுபது வயதைத் தாண்டித் தன் பெயருள்ள மண்ணில் முதன்முதலாக ரப்பர் வைத்தார். ஆர்ஆர்ஐசி 100 கன்று. ஓரத்தில் கிளிசரிடியாவில் மிளகு ஏற்றினார். கன்று சிறிதாக இருந்த காலத்தில் நடுவே இஞ்சியும் வாழையும் போட்டார். முதலில் செய்தது கான்தான். கூலிக்கு ஆள் வைக்காமல் தானே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினார்.

ஆறு வருஷம் கழித்து மரங்களைத் திறக்க என்னைக் கூப்பிட்டார். நான்கடி உயரத்தில் சுற்றளவு 50 சென்டிமீட்டர் வந்த மரத்தைத்தான் திறக்கலாம் என்பது விதி. நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் போனோம். பாதிக்கு மேல் தேறியது. மிச்சத்தில் பல 47, 48 இருந்தன. மகன் பக்கத்தில் நின்று, ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தானே, திறந்துவிடலாம் என்றான். அவன் நினைப்பு எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கு எண்பதாகப் போகிறது, தன் மரம் முழுவதிலும் பால் வருவதை அவர் பார்க்கட்டும் என்ற ஆசை.

தாத்தா நாடாவைச் சுருட்டினார். "அது அடுத்த வருஷத்து மரம்," என்றார். "எனக்காக மரத்த அவசரப்படுத்தாதீங்க."

அந்த மரங்களை அடுத்த வருஷம் அவரே கோடு போட்டுத் திறந்தார். முதல் பக்கம் பாதி இறங்குமுன் காலமானார். இன்று அவர் பேரன் வெட்டுகிறான். முதலிரண்டு பக்கமும் முடிந்து, தாத்தா தொடங்கின பக்கத்தில் வளர்ந்த புதுப் பட்டையையும் வெட்டியாகிவிட்டது. முடிச்சில்லாத பட்டையாக இருந்தது.

இப்போது என்னிடம் பழக வருகிற பிள்ளைகள் குறைவு. 2011க்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. 2019 முதல் பெஸ்டலோடியோப்சிஸ் இலையுதிர் நோய் கேகாலைக் காணிகளையும் பிடித்திருக்கிறது. இலை உதிர்ந்த மரத்தில் பால் குறைகிறது. குறைகிற பாலை ஈடுகட்டத் தினசரி வெட்டச் சொல்கிறார்கள் காணிக்காரர்கள். பாதிக்குப் பாதி பங்குக்கு வெட்டுகிறவனோ, அடுத்த வருஷம் அந்தக் காணி தன் கையில் இருக்குமா என்று தெரியாமல் ஆழக் கத்தி போடுகிறான். நோயில் மெலிந்த மரத்தை இப்படி வெட்டுவது, ஆபத்துக் காலத்தில் நாடு செய்ததை நாம் நிதானமான காலத்தில் செய்வது. இலை குறைந்த வருஷத்தில் வெட்டும் குறைய வேண்டும். மரத்துக்கு உணவு தயாரிப்பது இலைதான்.

பிள்ளைகளுக்குக் கையைப் பழக்க என்னால் முடியும். ஆனால் கை மட்டும் போதாது. பட்டையைக் காப்பாற்றுகிறவனுக்கு அந்தப் பட்டையில் ஒரு பங்கு இருக்க வேண்டும். பங்கு வெட்டுக்காரரோடு குறைந்தது ஒரு பக்கம் முடியும்வரைக்கும், அதாவது ஐந்து ஆறு வருஷத்துக்கு, எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள் என்று காணிக்காரர்களிடம் கேட்கிறேன். தோட்டங்களில் இன்னும் லயக் காம்பராவில் இருக்கிற குடும்பங்களுக்கு வீட்டுக்கென்று சில பேர்ச் நிலம் கிடைத்தாலே பெரிய செய்தியாகிறது. பயிர் செய்ய அவர்கள் பெயரில் நிலம் வேண்டும். நிலம் உள்ளவன் எப்படிக் கான் வெட்டுவான், எப்படிக் காத்திருப்பான் என்பதை அந்த அரை ஏக்கர் காட்டியது.

பட்டாளத் தாத்தா தனக்குச் சொந்தமில்லாத மரத்தையும் அதே கையால்தான் வெட்டினார். நாடு தன்னைச் சேர்த்துக்கொள்ளாத நாற்பது வருஷமும் அந்த நாட்டின் மலையைக் கல் வைத்துக் கட்டினார். அது அவருடைய பெருந்தன்மை. ஒருவரின் பெருந்தன்மையை நம்பி ஒரு தொழிலை நடத்தக் கூடாது, ஒரு நாட்டையும் நடத்தக் கூடாது. அவரிடமிருந்து கையைக் கற்றுக்கொள்வோம். அவருக்குக் கடைசி வருஷங்களில் கிடைத்தது, கத்தி பிடிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வருஷத்திலேயே கிடைக்கட்டும்.